துடைப்பம் யார் கையில்?

மூச்சிரைப்புக்காக எங்கள் பிரிவுக்கு வரும் குடும்பத்தாரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் நாய், பூனை ஏதேனும் வளர்க்கிறீர்களா?" கேட்டவுடன் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு, "நாய் இருக்கிறது, ஆனால் அது வெளியேதான் கிடக்கும்" என்று தயங்கியபடி விடை வரும். அப்படிச் சொல்பவரின் உடையிலேயே நாயின் முடி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அவர்கள் பொய்யர்கள் அல்லர். "நாயை அனுப்பிவிடுங்கள்" என்ற ஒற்றை வரித் தீர்ப்பை மருத்துவர் வழங்கிவிடுவாரோ என்று அஞ்சுகிறார்கள்.

அதன் பின்னர் இரண்டாவது கேள்வியைக் கேட்பேன்: "உதிரும் முடியைப் பெருக்கி அள்ளுபவர் யார்?" இதற்கு எவரும் ஆயத்தமாக வருவதில்லை. ஆசைப்பட்டு நாயை வாங்கி வந்தவர் மகனாகவோ மகளாகவோ இருப்பார். நாற்காலிக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் நாள்தோறும் இருமுறை குனிந்து பெருக்குபவரோ, இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே அமர்ந்திருக்கும் தாயாராக இருப்பார். நாய் வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடும் முன்னர் இந்த விடையைக் குடும்பம் சற்று நின்று நோக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முடி குற்றவாளி அன்று

நாயின் முடியே ஒவ்வாமைக்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ஒவ்வாமையைத் தூண்டுபவை நாயின் உமிழ்நீரிலும் தோலிலும் சுரக்கும் சில புரதங்களே. நாய் தன்னை நக்கும்போது அவை முடியில் படிகின்றன; தோலிலிருந்து உரியும் நுண்ணிய செதிள்களோடும் கலந்து வீடெங்கும் பரவுகின்றன. முடி அவற்றைச் சுமந்து செல்லும் வண்டி மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் முடி தரையில் விழுந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத துகள்களில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் குறைவான அளவுடையது. அது காற்றில் நெடுநேரம் மிதந்து, மூச்சோடு கலந்து, சிறிய சுவாசக் குழாய்கள் வரை இறங்கிவிடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, தரையில் முடி தெரியவில்லை என்பதால் வீடு பாதுகாப்பானது என்று கொள்ள இயலாது. இரண்டாவது, முடி உதிராத இன நாயை வாங்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. 2009-இல் அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமாவின் குடும்பத்தார், மகளின் ஒவ்வாமையைக் கருதிப் போர்த்துகீசிய நீர்நாய் இனத்தைச் சேர்ந்த 'போ' என்ற நாயைத் தேர்ந்தெடுத்தனர். அதன் பின்னர் 'ஒவ்வாமை தராத இனம்' என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. ஆயினும் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய நாய்கள் வாழும் வீடுகளின் தூசியில் ஒவ்வாமைப் புரதம் குறைவாகக் காணப்படவில்லை. 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வோ, அந்நாய்களின் முடியில் அப்புரதம் பிற நாய்களின் முடியில் இருப்பதினும் மிகுதியாகவே இருந்ததைக் காட்டியது. முடி உதிராத நாய் வீட்டாரின் பெருக்கும் வேலையைக் குறைக்கும். நோயாளியின் மூச்சைக் காக்கும் என்று சொல்ல இயலாது.

உதிர்வது இயல்பு, ஒரு வரம்பு வரை

நாயின் ஒவ்வொரு முடியும் வளர்ந்து, ஓய்வெடுத்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கும். குளிர்நாடுகளில் பகற்பொழுதின் நீளம் மாறுவதற்கேற்ப வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நாய்கள் கொத்துக் கொத்தாக முடியை உதிர்க்கும். பகலின் நீளம் அவ்வளவாக மாறாத நம் ஊரில், மின்விளக்கின் கீழ் வாழும் வீட்டு நாய்களுக்கு அந்தப் பருவ எல்லைகள் மங்கிவிடுகின்றன. ஆண்டு முழுவதும் உதிர்ந்துகொண்டே இருக்கும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, பொமரேனியன் ஆகியவை இரட்டை அடுக்கு முடி உடையவை. வெளியடுக்கு நீண்டும் முரடாகவும், உள்ளடுக்கு பஞ்சு போலவும் இருக்கும். வீட்டில் உருண்டு திரியும் முடிப்பந்துகள் பெரும்பாலும் அந்த உள்ளடுக்கிலிருந்து வருபவை. நம் மண்ணின் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற இனங்களுக்குக் குட்டையான முடி என்பதால் உதிர்வது கண்ணில் அவ்வளவாகப் படாது. ஆனால் அவற்றுக்கும் உமிழ்நீர் உண்டு, தோல் உண்டு. ஆகவே ஒவ்வாமைப் புரதமும் உண்டு.

வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று எண்ணி இரட்டை அடுக்கு நாய்க்கு மொட்டையடிப்பவர்கள் உள்ளனர். அந்த முடி வெயிலிலிருந்து தோலைக் காக்கும் திரை. அதை மழித்துவிட்டால் தோல் வெந்துபோகக்கூடும். மீண்டும் முளைக்கும் முடி சீராக வளராமலும் போகலாம். செதிளும் உமிழ்நீரும் தொடர்ந்து சுரப்பதால் நோயாளிக்கும் இதனால் பயன் இல்லை.

திட்டுத் திட்டாக வழுக்கை, ஓயாத சொறிதல், சிவப்பு, துர்நாற்றம், செதிள் மழை போல் உதிர்தல் ஆகியவை காணப்பட்டால் அது இயல்பான உதிர்வு அன்று. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, படர்தாமரை, தைராய்டு குறைபாடு எனக் காரணம் பலவாக இருக்கலாம். படர்தாமரையும் சில வகைச் சொறியும் மனிதரையும் தொற்றும். அந்நிலையில் முதலில் பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

வேலை கைமாற வேண்டும்

உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போது தரையில் படிந்திருந்த நுண்துகள்கள் மேலெழுகின்றன. மேலே மின்விசிறியும் சுழன்றால் அவை அறை முழுவதும் பரவும். அத்தருணத்தில் அத்துகள்களுக்கு மிக அருகில் முகத்தை வைத்துக் குனிந்திருப்பவர் யாரோ, அவரே அவற்றை மிகுதியாக உள்ளிழுக்கிறார். அவர் ஆஸ்துமா நோயாளியாக இருந்துவிட்டால், காலையில் அவர் இழுத்த மருந்துக்கு எதிராக அவரது துடைப்பமே வேலை செய்கிறது. மருந்தின் அளவை உயர்த்தும்படி என்னிடம் கேட்கும் குடும்பத்திடம், வேலையின் பங்கை மாற்றும்படி நான் கேட்பது இதனால்தான். இதை அறிவுரையாகக் கொள்ளாமல், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டுகிறேன்.

எவருக்கு ஒவ்வாமை இல்லையோ, அவரே பின்வரும் பணிகளை ஏற்க வேண்டும்.

முதலாவது, முடியை வீட்டில் உதிரவிடாமல் வெளியே வாரி எடுத்தல். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ, வெயில் ஏறும் முன்னர், நாள்தோறும் 10 நிமிடம் போதும். குட்டை முடிக்கு ரப்பர் பிரஷ். இரட்டை அடுக்குக்கு உள்முடியை வாரும் சீப்பு. முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே, தோலைக் கீறாமல் வார வேண்டும். வாரியதை அப்படியே காற்றில் பறக்கவிடாமல் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வாரியவர் உடை மாற்றி, கை கழுவிய பின்னரே நோயாளியின் அருகில் செல்வது நல்லது.

இரண்டாவது, குளிப்பாட்டுதல். நாயைக் குளிப்பாட்டினால் முடியில் படிந்த புரதம் குறையும் என்பது உண்மை. ஆனால் சில நாட்களிலேயே அது பழைய அளவுக்குத் திரும்பிவிடும். குறைந்த அளவே நீடிக்க வேண்டுமெனில் வாரம் இருமுறை குளிப்பாட்ட வேண்டியிருக்கும். அத்தனை குளியல் எல்லா நாயின் தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே எத்தனை முறை, எந்த ஷாம்பு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனிதர் தேய்க்கும் சோப்பும் ஷாம்பும் நாயின் தோலுக்கு ஏற்றவை அல்ல. தோல் வறண்டால் செதிள் இன்னும் கூடும்.

மூன்றாவது, ஈரத்தால் துடைத்தல். உலர்ந்த துடைப்பத்துக்கு மாறாக ஈரமான மாப் கொண்டு தரையைத் துடையுங்கள். துடைத்து முடியும்வரை மின்விசிறி நின்றிருக்கட்டும், சன்னல் திறந்திருக்கட்டும். சோஃபாவில் ஒட்டிய முடியை, நீரில் நனைத்த ரப்பர் கையுறையால் ஒரே திசையில் தடவினால் திரண்டு வந்துவிடும். வேக்குவம் கிளீனர் வாங்குவோர் 'ஹெப்பா' வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வடிகட்டி சரியில்லாத கருவி நுண்துகளைப் பின்பக்கம் வழியே மீண்டும் அறைக்குள் ஊதிவிடும். காற்றுத் தூய்மிப்பான் காற்றில் மிதக்கும் துகளைக் குறைக்கும்; ஆனால் அதற்கேற்ற அளவில் நோய்த் தொல்லையும் குறைந்துவிடும் என்று உறுதி கூற இயலாது. கையில் உள்ள பணத்துக்கு முதலில் வாங்க வேண்டியது மருந்துச் சீட்டில் உள்ள தடுப்பு இன்ஹேலர்; கருவிகள் அதன் பிறகே.

நான்காவது, ஓர் எல்லைக்கோடு. நோயாளியின் படுக்கையறைக்குள் நாய் எந்நாளும் வரக்கூடாது. நாளில் ஏழெட்டு மணி நேரம் மூச்சு விடும் இடம் அது. 'இன்று ஒரு நாள் மட்டும்' என்ற சலுகை இக்கோட்டை அழித்துவிடும். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறையிட்டு, விரிப்புகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்தால் இந்த ஒழுங்கு முழுமை பெறும்.

"வீட்டில் வேறு ஆள் இல்லையே, நான்தானே எல்லாம் செய்ய வேண்டும்" என்று சொல்லும் தாய்மார்களையும் நான் அறிவேன். அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. துடைப்பதே வழி, பெருக்காதீர்கள். மூக்கையும் வாயையும் நன்கு மூடும் என்-95 முகக்கவசம் அணியாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள். மற்ற குடும்பத்தாருக்கோ ஒரே வேண்டுகோள்: நாயைக் கொஞ்சும் உரிமை யாருக்கு உண்டோ, அதன் முடியை அள்ளும் கடமையும் அவருக்கே உண்டு.

நறுமணத்தால் மூடாதீர்கள்

நாய் வளர்க்கும் வீடுகளில் மணத்தைப் போக்கச் சாம்பிராணி போடுவதும், ஊதுபத்தி கொளுத்துவதும், ரூம் ஸ்பிரே அடிப்பதும், பினாயிலைத் தாராளமாகக் கலந்து துடைப்பதும் வழக்கம். இவற்றின் புகையும் நெடியும் சுருங்கும் இயல்புடைய சுவாசக் குழாய்களை மேலும் எரிச்சலூட்டுகின்றன. ஒவ்வாமைப் புரதத்தை இவற்றில் எதுவும் நீக்குவதில்லை. 'நாயால்தான் இரைப்பு வந்தது' என்று வரும் சிலருக்கு, விசாரித்துப் பார்த்தால், மாலையில் போடும் புகையே முதற்காரணமாக இருக்கும். உண்மையில் தூய்மையான வீட்டுக்கு எந்த மணமும் இருக்காது.

வயிற்றில் கட்டி என்ற அச்சம்

'நாய் முடி வயிற்றுக்குள் போனால் கட்டி வரும்' என்று பெரியவர்கள் எச்சரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். முடி கட்டியாவதில்லை. ஆனால் இந்த எச்சரிக்கையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஹைடாடிட் என்னும் நீர்க்கட்டி நோயை உண்டாக்கும் நாடாப்புழு நாயின் குடலில் வாழும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, நாயின் முடியிலும் ஒட்டிக்கொள்ளும். கை வழியே அவை நம் வயிற்றுக்குள் சென்றால், கல்லீரலிலோ நுரையீரலிலோ ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் கட்டிகள் தோன்றும். நோய்ப்பட்ட ஆடு மாடுகளின் ஈரல் முதலிய கழிவுகளைப் பச்சையாகத் தின்னும் நாய்க்கே இப்புழு வரும். எனவே பச்சைக் கழிவிறைச்சி கொடாமை, கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து, உணவுக்கு முன் சோப்பால் கை கழுவுதல் ஆகிய மூன்றுமே இதற்குக் காப்பு. முடியைக் கண்டு அஞ்சுவதைவிட இம்மூன்றையும் கடைப்பிடிப்பது மேல்.

புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் உட்கொள்வோர் ஆகியோர் நாயை வாருவதையும் குளிப்பாட்டுவதையும் அதன் மலத்தை அள்ளுவதையும் பிறரிடம் விட்டுவிட வேண்டும். நாய்க்குரிய தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டிருக்க வேண்டும். வாரும்போது நாயின் பல்லோ நகமோ கீறிவிட்டால், அது வீட்டு நாயே என்றாலும், உடனே சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரை அணுகுங்கள். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

அனுப்புவதா, வைத்துக்கொள்வதா?

நாய் ஒவ்வாமை உறுதியானவருக்கு, நாயை வீட்டிலிருந்து அகற்றுவதே மிகுந்த பயன் தரும் வழி என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'உறுதியானவருக்கு' என்ற சொல்லைப் பலரும் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். சென்னை போன்ற ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியும், சமையலறைக் கரப்பானும் ஒவ்வாமைக்கு முக்கியமான காரணங்கள். நாயைக் குற்றம் சாட்டிக் கொண்டிருக்கையில் மெத்தை தப்பிவிடுகிறது. தோலில் மருந்துத் துளியிட்டுக் குத்திப் பார்க்கும் சோதனையோ, இரத்தச் சோதனையோ செய்து, அதன் முடிவு நோயாளியின் தொல்லைகளோடு பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே தீர்ப்பு வழங்க வேண்டும். நாயின் புரதங்களும் பல வகை. அவற்றுள் ஒன்று ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் மட்டும் உண்டாவது. அதற்கு மட்டும் ஒவ்வாமை உடையவருக்குப் பெண் நாயால் தொல்லை இல்லாமல் இருக்கவும் கூடும்.

சிலர் தாங்களே ஒரு சோதனை செய்து பார்க்கின்றனர். "நாயை ஒரு வாரம் உறவினர் வீட்டில் விட்டோம்; இரைப்பு குறையவில்லை; ஆகவே நாய் காரணம் அன்று" என்பர். நாய் சென்ற பிறகும் அதன் புரதம் மெத்தையிலும் திரையிலும் பல மாதங்கள் தங்கியிருக்கும். எனவே இச்சோதனை எதையும் மெய்ப்பிப்பதில்லை.

வேறு சிலர், "நாயோடு வளரும் குழந்தைக்கு ஆஸ்துமா வராதாமே" என்று கேட்கின்றனர். சுவீடனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், முதல் வயதில் நாயுள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. அது நோய் வராத குழந்தையைப் பற்றிய செய்தி. நோயும் நாய் ஒவ்வாமையும் ஏற்கெனவே வந்துவிட்ட குழந்தைக்கு அது மருந்தாகாது.

என் கருத்து இதுதான். ஒவ்வாமை உறுதியாகி, நோய் மிதமாக இருந்தால், மேற்சொன்ன ஒழுங்கை முழுக் குடும்பமும் மூன்று மாதம் உண்மையாகக் கடைப்பிடிக்கட்டும். காலையும் மாலையும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி, அளவைக் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். அந்த எண்களை முன்வைத்து நாம் சேர்ந்து முடிவெடுக்கலாம். மருந்தை முறையாக எடுத்தும் மீண்டும் மீண்டும் கடும் இரைப்பு வந்து, மருத்துவமனையில் சேர்க்கும் நிலை ஏற்படுமானால், அங்கே அன்புக்கு இடம் கொடுத்துத் தயங்கக்கூடாது. நாய்க்கு வேறு நல்ல வீடு தேடத்தான் வேண்டும். வேறு வீடு என்பது தெரு முனை அன்று. பசியிலும் தாகத்திலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்ந்த நாய் தெருவில் நெடுநாள் பிழைப்பதும் அரிது.

ஒற்றை வரித் தீர்ப்பை நான் தவிர்ப்பதற்குக் காரணம் நாயின் மீதுள்ள பரிவு மட்டும் அன்று. 'அனுப்பிவிடுங்கள்' என்று மட்டும் சொன்னால் பல குடும்பங்கள் நாயை அனுப்பமாட்டா; அடுத்த முறை வரும்போது நாய் இருப்பதையே மறைத்துவிடும். மறைத்த பின்னர் படுக்கையறைக் கதவைப் பற்றியோ, துடைப்பத்தைப் பற்றியோ பேச வழியில்லாமல் போகிறது. மருந்தின் அளவு மட்டும் ஏறிக்கொண்டே செல்கிறது.

ஆகவே அடுத்த முறை எங்கள் பிரிவுக்கு வரும்போது மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்: வீட்டில் என்ன விலங்கு வளர்கிறது, அது இரவில் எங்கே உறங்குகிறது, அதன் முடியை அள்ளுபவர் யார். மூன்றாவது விடையில் நோயாளியின் பெயர் இருந்தால், எங்களைப் பார்க்கும் நாள்வரை காத்திராமல் இன்றே அந்தப் பெயரை மாற்றிவிடுங்கள்.